பங்களாக் குசினியும் லயத்து அடுப்பும்

உணவின் பெருமை அதன் சுவையிலே தங்கியுள்ளது என்பது பொதுவான எண்ணம். அது முதன்முதலில் எவருடைய மேசையில் வைக்கப்பட்டது என்பதிலும் அப்பெருமை தங்கியுள்ளது என்பதைச் சமைத்துக் கொடுத்தவர்களும், மீந்ததை வீட்டுக்குக் கொண்டு சென்றவர்களுமே நன்கறிவர். பூனாகலை மலைச்சாரலில், ஒரு லயத்துக் குடும்பத்தில், ஒரு மார்கழி மாலையிலே சமைக்கப்பட்ட சிறு பன்றித்தொடைத் துண்டொன்று இதனை எண்ணிப் பார்க்க வைக்கின்றது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் பாதை தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறுவது. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று ஊவா மலைகளை நனைக்கும் காலத்தில், பிற்பகலிலேயே மூடுபனி இறங்கி லயங்களின் தகரக் கூரைகளை மறைத்துவிடும். கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் பெண்களின் குரல்கள் கேட்கும், உருவங்கள் தெரியா. அத்தகையதொரு மாலையிலேதான் பல்கலைக்கழகத்திற் பயிலும் பேத்தி விடுமுறைக்காக வீடு வந்து சேர்ந்தாள். பையினுள்ளே, பண்டாரவளைக் கடையொன்றில் வாங்கிய ஒரு கிலோ எடையுள்ள ஹாம் இருந்தது.

அவளுடைய பாட்டனாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பெயர் சொல்லி அவரை அழைப்பார் இலர். ‘அப்பு’ என்றாலே தோட்டம் முழுவதும் அறியும். யாழ்ப்பாணத்தார் இச்சொல்லைக் கேட்டதும் தந்தையையோ பாட்டனையோ நினைப்பர். மலையகத்தில் அது துரை பங்களாவின் சமையற்காரரைக் குறிக்கும் சொல். ஐம்பதுகளின் இறுதியில், பன்னிரண்டு வயதுக்கும் சற்று மேற்பட்ட சிறுவனாகக் குசினிக்குள் நுழைந்து, விறகு பிளந்து, பாத்திரம் கழுவி, மூத்த அப்புவிடம் அடியும் தொழிலும் ஒருங்கே பெற்று, அவர் ஓய்ந்தபின் அந்த இடத்திற்கு வந்தவர் இவர். மொழி தெரியாத நாட்டின் உணவுகளையெல்லாம் நாவினாலும் மூக்கினாலும் கற்றுக்கொண்டவர்.

பேத்தி பொதியை அவர் முன்னே வைத்தாள்.

“தாத்தா, இது ரொம்பச் சுலபம். ஏற்கெனவே வெந்த இறைச்சிதான். மேலே இனிப்பைப் பூசிச் சுட்டெடுத்தாச் சரி. ஒரு மணித்தியாலத்துல ராச்சாப்பாடு முடிஞ்சிரும்.”

முதியவர் பொதியைக் கையிலெடுத்து, எடை பார்ப்பவர்போல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பின்னர், “யாருக்குச் சுலபம் தாயி?” என்று கேட்டார்.

அக்கேள்வி வேடிக்கையாகவே கேட்கப்பட்டது. எனினும் அதன் பின்னே நீண்டதொரு வரலாறு நிற்கின்றது.

ஹாம் எனப்படுவது பன்றியின் பின்தொடை. அது பச்சையாக வாங்கிச் சமைக்கும் இறைச்சியன்று. உப்பும், சிறிதளவு வெடியுப்பும், சில இடங்களிற் சர்க்கரையும் சேர்த்துத் தேய்த்தோ, உப்பு நீரிலே ஊறவைத்தோ பல நாட்கள் பதப்படுத்துவர். பின்னர் புகையிலே தொங்கவிடுவதும் உண்டு. உப்பு இறைச்சியின் நீரை இழுத்து வெளியேற்றுகின்றது. கிருமிகள் பெருக இடமின்றிப் போகின்றது. வெடியுப்பு நஞ்சூட்டும் நுண்ணுயிர்களைத் தடுப்பதோடு, வெந்தபின்னும் மாறாத அந்த இளஞ்சிவப்பு நிறத்தையும் தருகின்றது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், மாரிக்கு முன்னே கொன்ற விலங்கை மாரி முழுவதும் வைத்துண்பதற்கு ஐரோப்பியக் குடியானவன் கண்ட வழி இது.

தமிழருக்கு இவ்வழி புதியதன்று. காட்டுப்பன்றியின் இறைச்சியைக் கீலமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்பின் மேலே கம்பியிற் கோத்துப் புகையில் உலர்த்தும் வழக்கத்தை ஊவாவின் லயங்களிலும் காணலாம். உப்புக்கண்டம் என்னும் சொல்லே நம்மிடம் உண்டு. பன்றியை வளர்த்துக் கொழுக்க வைக்கும் கலையும் பழையதே. குழியிலே தனித்து நிறுத்தி மாவூட்டிக் கொழுக்க வைத்த பன்றியின் இறைச்சியைக் கள்ளோடு பெறலாம் என்று பாணனுக்கு வழி சொல்கின்றது பெரும்பாணாற்றுப்படை. இந்நூலைப் பாடமாகப் பயிலும் மாணவருட் பலர் அவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். பிற்காலத்து ஒழுக்கங்கள் நமது பழைய உணவு மேசையிலிருந்து அகற்றியவற்றுள் அதுவும் ஒன்று.

ஆயினும் முழுத்தொடையாக, இனிப்புப் பூசி, கராம்பு குத்தி, நத்தாருக்கு மேசையேறும் ஹாம் இம்மலைகளுக்குத் துரைமாரோடு வந்தது. இதில் வியப்புக்குரியதொரு செய்தி உண்டு. பூனாகலை மலையின் உச்சியிலே ‘லிப்டன் சீட்’ எனப்படும் இடம் இருக்கின்றது. தம்பேதன்னைத் தோட்டத்தின் மேலே, தேயிலை விரிந்து கிடக்கும் சரிவுகளைப் பார்த்தபடி தோமஸ் லிப்டன் அமர்ந்திருந்ததாகக் கூறப்படும் இடம் அது. இன்று உல்லாசப் பயணிகள் விடியுமுன்னே ஏறிச்சென்று அங்கு தேநீர் அருந்துகின்றனர். லிப்டன் என்றதும் எவருக்கும் தேயிலையே நினைவுக்கு வரும். ஆனால் 1871ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிலே அவர் திறந்த முதற்கடையில் விற்றவை ஹாமும், பன்றி இறைச்சியும், வெண்ணெயும், முட்டையுமே. கொழுத்த பன்றிகளைக் கழுவித் துடைத்து, லிப்டன் கடைக்குச் செல்கின்றோம் என்ற அறிவிப்போடு நகர வீதிகளில் நடத்திச் சென்று விளம்பரம் செய்தவர் அவர். அக்கடை நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியபின்னரே, 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்துவிட்டிருந்தமையால் நிலம் மலிவாகக் கிடைத்தது. எனவே ஊவாவின் இந்தத் தேயிலைச் சரிவுகளின் ஒரு பகுதி, ஹாம் விற்றுச் சேர்த்த பொருளால் வாங்கப்பட்டது என்று கூறின் மிகையாகாது.

அவ்வாறு வாங்கப்பட்ட மலைகளிலே பங்களாக்கள் எழுந்தன. பங்களாக்களிலே குசினிகள் எழுந்தன. புகைவண்டி 1894இல் பண்டாரவளையை அடைந்தபின், கொழும்பிலிருந்து ஐரோப்பியப் பொருள்கள் வருவது எளிதாயிற்று. பாட்டனார் குசினியிற் சேர்ந்த நாட்களில், நத்தாருக்கு ஒரு வாரம் முன்னர் துணியிற் சுற்றிய தொடையொன்று புகைவண்டியில் வந்து, அங்கிருந்து தோட்டத்து லொறியிலேறிப் பங்களாவை அடையும். அதன் பின்னர் நடப்பனவற்றை அவர் நேற்று நடந்தவைபோல் விரித்துரைப்பார்.

முதல் நாள் இரவு தொடையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்ற வேண்டும். மறந்தால் மறுநாள் மேசையில் உப்பு மட்டுமே இருக்கும். அத்துணை பெரிய தொடைக்கு ஏற்ற பாத்திரம் குசினியில் இல்லை. துலக்கி வைத்த மண்ணெண்ணெய்த் தகரத்திலே அதனை இறக்கி, நீர் கொதித்துத் துள்ளாமல் மெல்ல நெளியும் அளவிற்கு அடுப்பை எரித்து, இறாத்தலுக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில் வேகவைப்பர். தீ மிகுந்தால் இறைச்சி நாராகப் பிரியும்; தணிந்தால் எலும்பருகே பச்சை நிற்கும். குசினிப் பையன் ஐந்து மணித்தியாலம் அவ்வடுப்பின் முன்னே குந்தியிருக்க வேண்டும். வெந்ததை அந்நீரிலேயே ஆறவிட்டு, தோலை ஒரே வீச்சில் உரித்தெடுப்பது அப்புவின் வேலை. தோல் போனபின் வெண்மையான கொழுப்பு தெரியும். அதிலே கத்திநுனியாற் குறுக்கும் மறுக்கும் கீறிச் சாய்சதுரங்கள் அமைப்பர். கீறல் கொழுப்பைத் தாண்டி இறைச்சியைத் தொடலாகாது. ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு கராம்பு.

அதன்பின் வருவதே இனிப்புப் பூச்சு. துரைசானியின் சமையற் புத்தகம் பழுப்புச் சர்க்கரையும் கடுகும் என்றது. மூத்த அப்பு அதற்குப் பணிந்தும் பணியாமலும் ஒரு முறை வகுத்திருந்தார். சர்க்கரைக்குப் பதிலாகக் கித்துள் பாணி, அரைத்த கடுகு, அன்னாசிச் சாறு, சிறு துண்டு கறுவா. இவற்றைச் சிறு சட்டியிலே விரலில் ஒட்டும் பதத்திற்குக் காய்ச்ச வேண்டும். பாணி இனிப்பைத் தரும். கடுகு கொழுப்பின் திகட்டலை வெட்டும். அன்னாசியின் புளிப்பு உப்பைத் தணிக்கும். ஊவாவின் காடும் தோட்டமும் சீமை உணவுக்குள்ளே ஓசையின்றிப் புகுந்தவாறு இது. விருந்தினர் அதன் சுவையைப் புகழ்ந்தபோதெல்லாம் துரைசானி தமது புத்தகத்தின் பெயரைச் சொன்னார். அப்பு மேசையருகே கைகட்டி நின்றார்.

பூச்சுக்குரிய நேரம் ஒன்று உண்டு. போறணைக்குள் வைக்கும்போதே பூசினால், இறைச்சி சூடேறுமுன் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். ஆகவே முதலில் வெறுமனே வாட்டி, கடைசி அரை மணித்தியாலத்தில் மட்டும் மும்முறை பூச வேண்டும். அக்காலத்து டோவர் அடுப்புக்கு வெப்பமானி இல்லை. வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை உள்ளே வைத்து, அது கருகாமல் எவ்வளவு நேரத்திற் பழுப்பேறுகின்றது என்று பார்த்தே சூட்டை அறிந்தனர். அறிவியல் நூல்கள் இன்று பாகைக் கணக்கிற் கூறுவதை அவர்கள் கடதாசியின் நிறத்திலே படித்தனர்.

இத்துணையும் செய்தபின், நத்தார் இரவில் ஹாம் மேசைக்குச் சென்றது. துரை கத்தியைத் தீட்டித் தாமே அரிந்து பரிமாறினார். சமைத்தவர் அதனைச் சுவைத்ததில்லை. பூச்சின் ஒரு துளியை உள்ளங்கையில் இட்டு நக்கிப் பார்த்ததே அவர் அறிந்த சுவை.

விருந்து முடிந்து மூன்றாம் நாள் எலும்பு குசினிக்கு வரும். எலும்போடு ஒட்டிய இறைச்சியும் சிறிது இருக்கும். அதனை வாழையிலையிற் சுற்றி வீட்டுக்குக் கொண்டுசெல்ல அப்புவுக்கு அனுமதி உண்டு. அனுமதி என்ற சொல்லையே அவர் இன்றும் பயன்படுத்துகின்றார். லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த எலும்பு பெருவிருந்து. பருப்போடு சேர்த்து அவித்தால் சட்டி முழுவதும் புகைமணம் ஏறும். உப்புப் போட வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய மனைவி அந்த எலும்பை அடுப்பேற்ற மறுத்துவிட்டார். மணமாகி வந்த முதலாண்டிலேயே இது நிகழ்ந்தது. மலையிலே கூடை சுமந்து, மழையிலும் அட்டையிலும் நின்று, பேர் போட்டுக் கூலி வாங்கும் பெண் அவர். “ஒருத்தர் தின்னு மீந்தது எச்சில். நம்ம கையால சம்பாதிச்ச ரொட்டி போதும்” என்று கூறி எலும்பை நாய்க்கு வீசினார். அப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மணித்தியாலம் தாம் காவலிருந்து வேகவைத்தது எப்படி எச்சிலாகும் என்பது அவருடைய வழக்கு. யார் சமைத்தாலென்ன, யார் முதலில் உண்டார் என்பதே கேள்வி என்பது மனைவியின் வழக்கு. இவ்விருவருள் எவர் சரியென்று தீர்ப்பது எளிதன்று. கைத்தொழிலின் பெருமையை ஒருவர் காத்தார். உழைப்பவளின் மானத்தை மற்றவர் காத்தார். ஒரே கூரையின் கீழே இரண்டும் ஆண்டுதோறும் மோதிக்கொண்டன.

1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. பங்கீட்டு அரிசி குறைந்தது; மாவுக்கும் தட்டுப்பாடு. மலையகம் மறக்க இயலாத ஆண்டுகள் அவை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்தும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டும் நின்ற மக்கள், தலைமன்னார்க் கப்பலேறி இந்தியா சென்றுகொண்டிருந்த காலமும் அதுவே. உறவினர் சிலர் புறப்பட்டுச் சென்றுவிட்ட அந்த ஆண்டு நத்தாருக்கு மூன்றாம் நாள், அப்பு வழக்கம்போல் எலும்பைக் கொண்டுவந்தார். மனைவி அதனை வாங்கினார். பேசாமற் பருப்போடு அவித்தார். மூன்று பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். தாம் மட்டும் வெறுந்தேநீர் குடித்துப் படுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு அவ எலும்பை நாய்க்குப் போட்டிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும்” என்று முதியவர் பேத்தியிடம் கூறினார். ஐம்பது ஆண்டுகளாக அவர் எவரிடமும் கூறாதது அது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் சென்றனர்; நாட்டுத் துரைமார் வந்தனர். 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. மலையகத்துப் பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. மேசையும் கதிரையும் பெரும்பாலும் அவையே. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. 2021இல் நாட்கூலி 1000 ரூபாவாயிற்று. அத்தொகையால் இன்று ஒரு கிலோ ஹாம் வாங்க இயலாது. பேத்தி வாங்கியது மாணவர்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்திலே.

கடையில் விற்கும் இக்கால ஹாம், ஆலையிலேயே உப்பிட்டு, புகையூட்டி, எலும்பகற்றி, வேகவைத்துக் குளிரூட்டி விற்கப்படுவது. வீட்டில் எஞ்சியிருப்பது சூடேற்றலும் பூச்சும் மட்டுமே. ஆகையாலன்றோ உலகெங்கும் அது எளிய இராவுணவு எனப் பெயர் பெற்றுள்ளது! ஐந்து மணித்தியாலம் அடுப்பின் முன் குந்தியிருந்த பையனின் வேலையை ஆலையிலுள்ள எவரோ ஏற்றுக்கொண்டுள்ளனர். பூச்சின் இனிப்புக்கும் இத்தகைய வரலாறு உண்டு. சீமை மேசைகளுக்குச் சர்க்கரை சென்ற வழிகளில் மொறீசியசும் நெற்றாலும் அடங்கும். நெற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் 1860இல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. தேநீரைத் தந்த கைகளும் அதிலிட்ட சர்க்கரையைத் தந்த கைகளும் ஒரே ஊர்களிலிருந்து பிரிந்து சென்றவை. எளிமை என்பது பெரும்பாலும் வேறெவரோ முன்னரே பட்ட பாடு. “யாருக்குச் சுலபம்” என்ற கேள்வியில் இவையனைத்தும் அடங்கியிருந்தன. கேட்டவர் அவ்வளவையும் நினைத்துக் கேட்கவில்லை என்பது வேறு.

லயத்திற் போறணை இல்லை. முதியவர் எழுந்தார். கனத்த இரும்புச் சட்டியின் அடியிலே மணல் பரப்பி, அதன்மேல் சிறு தகர மூடியைக் கவிழ்த்து, ஹாமைத் தட்டோடு வைத்து மூடினார். கவ்வாத்து மிலாறு எரிந்து விழுந்த தணலைச் சட்டியின் கீழே சிறிதும் மூடியின்மேல் பெரிதுமாகப் பரப்பினார். பேத்தி கீறிய சதுரங்கள் கோணலாயிருந்தன. அவர் கத்தியை வாங்கவில்லை; “ஆழமாப் போகாதே” என்று மட்டும் சொன்னார். கராம்புகளைப் பேத்தியே குத்தினாள். கித்துள் பாணி அயல் வீட்டிலிருந்து வந்தது. முக்கால் மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்து, முதற்பூச்சுப் பூசினார். பத்து நிமிடத்தில் இரண்டாவது. பின்னும் பத்து நிமிடத்தில் மூன்றாவது. நடுங்கும் கை பூசும்போது நடுங்கவில்லை. பாணி குமிழியிட்டு, தேன்நிறம் கடந்து, செம்பழுப்பை அடைந்தது. அதற்குமேல் ஒரு நிமிடமும் அவர் பொறுக்கவில்லை.

அரியும் வேலையைப் பேத்தி பாட்டனாரிடமே கொடுத்தாள். வாழ்நாளிலே நூறு தொடைகளைச் சமைத்தவர், மேசைக்குரிய முதல் துண்டை அன்றுதான் அரிந்தார். நாரின் குறுக்கே, கண்ணாடிபோல் மெல்லியதாக வந்தது அத்துண்டு. எவ்வாறு அரிய வேண்டும் என்பதை மேசையருகே கைகட்டி நின்ற ஆண்டுகளிலே அவர் கண்டு வைத்திருந்தார்.

அதனை ரொட்டியின்மேல் வைத்து, சுவரோரம் அமர்ந்திருந்த மனைவியிடம் நீட்டினார். கிழவி தட்டை உடனே வாங்கவில்லை.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“கடையில வாங்குனது அம்மாயி. இன்னும் யாரும் தின்னல்ல. நீங்கதான் முதல்” என்றாள் பேத்தி.

கிழவி வாங்கினார். பல்லில்லாத வாயால் நெடுநேரம் மென்றார். முதியவர் அடுப்பிலிருந்த தணலைக் கிளறிக்கொண்டே, அவர் முகத்தைப் பாராதவர்போல் பார்த்திருந்தார். வெளியே மழை வலுத்தது.

“கொஞ்சம் உப்புக் கூட” என்றார் கிழவி. பின்னர், “இன்னொரு துண்டு வை” என்றார்.